போல்கா என்றால் போலந்து என்று நினைத்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் சிகாகோவில் போலந்து வம்சாவளி இசைக்காரர்கள் வாசிக்கும் போல்கா என்ற ஆட்ட இசையைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்குப் பெயரிலேயே முதல் சறுக்கல். போல்கா, போலந்து என்று ஓசை ஒத்துப்போகிறதே என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆட்டம் 1830-களில் கிளம்பியது பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில். போலந்துக் கிராமங்களுக்கே உரியவை ஓபெரெக், குயாவியாக் போன்ற ஆட்டங்கள். அவை மூன்று தட்டு, போல்கா இரண்டு தட்டு. காலால் தட்டிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, கண்ணில் படும் துருத்திப் பெட்டியையெல்லாம் அக்கார்டியன் என்று எழுதிவிடுவது. சிகாகோ பாணியில் கான்செர்டினாவுக்குத் தனி மரியாதை உண்டு. அதுவும் உள்ளங்கையில் அடங்கும் ஆங்கிலேயப் பெட்டி இல்லை. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துப் பெரிய சதுரப் பெட்டி, டாங்கோ இசையில் வாசிக்கும் பாண்டோனியன் பெட்டிக்குப் பங்காளி. ஒவ்வொரு பொத்தானிலும் துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். பியானோ அக்கார்டியனில் எப்படி அசைத்தாலும் அதே சுரம். ஆகவே கான்செர்டினாக்காரர் மெட்டோடு சேர்த்து, துருத்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் கைக்குப் பழக்கியாக வேண்டும். சரி, கேட்பவருக்கு அதனால் என்ன? அந்தத் தள்ளலும் இழுப்பும் பாட்டிலேயே கேட்கும். தாளத்துக்கு ஒரு உந்தல் கிடைக்கும்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, சிகாகோ போல்காவைக் கப்பலேறி வந்த பழைய நாட்டுப்புற இசை என்று நம்புவது. 'லில் வாலி' என்ற வால்டர் யாகியெல்லோ (1930–2006) சிகாகோவிலேயே பிறந்தவர். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவார். அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கொடிகட்டிப் பறந்தவை பெரிய போல்கா பேண்டுகள். நோட்டைப் பார்த்து வேகமாக, பிசிறில்லாமல் வாசிப்பார்கள். வாலி வேகத்தைக் குறைத்தார், ஆட்களையும் குறைத்தார், போலிஷ் மொழியில் மனம்விட்டுப் பாடினார். எஃகு ஆலையிலும் இறைச்சிக்கூடத்திலும் உழைத்தவர்கள் நிறைந்த ஊருக்கு அது பிடித்துப்போனது. நமக்குப் பழசாகத் தோன்றும் அந்தத் தளர்வான பாணி, உண்மையில் 1950-களின் புதுச்சரக்கு. அப்புறம் வந்த எடி பிளஸான்சிக், 'எடி பெல்' என்ற பெயரில் ராக் அண்ட் ரோல் பாடிவிட்டுப் போல்காவுக்குத் திரும்பியவர்.

கிராமத்து வாசனைதான் வேண்டுமென்றால், 1920-களின் கடைசியில் கரோல் ஸ்டோக் சிகாகோவில் பதிவுசெய்த இசைத்தட்டுகளைத் தேடுங்கள். போலந்து மலைநாட்டு வயலின்களின் கரகரப்பான இசை அது. போல்காவை எதிர்பார்த்துப் போனால் திகைத்துப் போவீர்கள்.

போல்காவுக்குப் பேர்போன ஃபிராங்கி யாங்கோவிக்கையும் இந்தச் சிகாகோ போலந்துக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவர் ஸ்லோவேனிய வழி, ஊர் கிளீவ்லாந்து.

இவர்கள் தங்கள் வட்டத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. சிகாகோவின் வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு 1959-ல் ஓர் உற்சாகப் பாட்டு வந்தது. பாடலாசிரியர் ஆல் ட்ரேஸோடு சேர்ந்து அதை எழுதியவர் இதே லில் வாலிதான். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் என்ற பேஸ்பால் தொடரின் பட்டமும் அந்த அணிக்கே கிடைத்தது.