திருகோணமலையிலிருந்து பெட்டி வருகிறதா? வீட்டுக்கு இதைச் சொல்லி வையுங்கள்

வெளிநாட்டில் அறை எடுத்துக் குடியேறியதுமே ஊரிலிருந்து கேள்வி வரும்: "என்னென்ன வைத்து அனுப்ப?" ஒடியல், மிளகாய்த்தூள், கருவாடு என்று அடுக்குவதற்கு முன் பெட்டி வரும் வழியை வீட்டாருக்கு விளக்குங்கள். வாசலிலேயே பெரிய இயற்கைத் துறைமுகம் இருந்தாலும் உங்கள் பெட்டி அங்கே கப்பலேறாது. அங்கு கோதுமை, சீமெந்து போன்ற மொத்தச் சரக்குகளே பெரும்பாலும் கையாளப்படுகின்றன. பெட்டி தரைவழியாகக் கொழும்புக்குப் போய்த்தான் கப்பலோ விமானமோ ஏற வேண்டும். எத்தனை கை மாறுமோ, அத்தனை முறை விழவும் கூடும். 'கவனம், உடையும்' என்று சிவப்பு மையில் எழுதுவதை நான் நம்புவதில்லை. உள்ளே கட்டுவதையே நம்புகிறேன்.

பழைய பிஸ்கட் பெட்டி வேண்டாம். இரட்டை அடுக்கு நெளி அட்டைப் பெட்டி வாங்கச் சொல்லுங்கள். பாரமானவை அடியில் இருக்கட்டும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கினால் உடைவது குறையும். மூடிய பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வந்தால் இடைவெளியைத் துவாய்களால் நிரப்ப வேண்டும். வைக்கோல் திணிக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவில் அதற்கு அனுமதி இல்லை. கையில் கிடைத்த பலகையில் பெட்டி அடிப்பதும் வீண்வேலை. பல நாடுகள் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற முறைகளில் பதப்படுத்தி, முத்திரையிட்ட மரத்தையே ஏற்கின்றன.

ஈரம்தான் பெரிய எதிரி. ஐப்பசி முதல் தை வரை ஊரில் மழையும் ஈரக்காற்றும். அந்த நாட்களில் கட்டும் பெட்டிக்குள் தடித்த பொலித்தீன் உறை அவசியம். வறுத்து இடித்த தூள் முழுவதும் ஆறிய பிறகே பையில் அடைபட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, கட்டி பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். இரண்டு பைகள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டட்டும். நல்லெண்ணெய்ப் போத்தலைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. மூடியைச் சுற்றி ஒட்டி, தனிப் பையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கருவாட்டுக்குத் தனிப் பெட்டி. இதில் அம்மா சொன்னாலும் கேட்காதீர்கள்; சேலையில் ஏறிய அந்த வாசம் எத்தனை தோய்ச்சலுக்கும் போகாது.

எல்லாம் எல்லா நாட்டுக்குள்ளும் வராது. பிரித்தானியாவுக்கு இலங்கையிலிருந்து இறைச்சியும் நெய் போன்ற பால் பொருட்களும் தனிப்பட்ட பொதியில் கொண்டுவர முடியாது. பச்சைக் கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள். கருவாட்டுக்கும் நீங்கள் இருக்கும் நாட்டுச் சுங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பழங்காலக் குத்துவிளக்கோ ஏட்டுச்சுவடியோ என்றால் இலங்கையைவிட்டு வெளியே அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம். முதலில் அங்கே விசாரிக்கட்டும்.

கூரியரில் அனுப்பினால் தராசு மட்டும் போதாது. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்ளும். 50, 40, 40 அளவுப் பெட்டிக்கு 16 கிலோ. உள்ளே 9 கிலோதான் இருந்தாலும் 16க்கே கட்டணம். அப்பளமும் தலையணையும் கேட்கும் முன் இதை நினையுங்கள்.

பட்டியலில் 'வீட்டுச் சாமான்' என்று மட்டும் எழுதாமல் பொருள், எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கட்டும். உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை உள்ளேயும் ஒன்று போடச் சொல்லுங்கள். வெளியே ஒட்டியது கிழிந்தாலும் அது இருக்கும். மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உடைந்து வந்தால் நட்டஈடு கேட்க அதுதான் கையில் இருக்கும்.