ஒடெசாவுக்கு முதல் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது டிக்கெட் போடாதீர்கள். ஒடெசா உக்ரைனின் கருங்கடல் துறைமுக நகரம். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. துறைமுகம் என்பதாலேயே ஒடெசா மீது தாக்குதல் ஓய்ந்தபாடில்லை. கீழே உள்ளது போர் நின்ற பிறகு எடுத்துப் பார்ப்பதற்கான திட்டம்.

படி 1: நுழைவு. இந்தியர்களுக்கு உக்ரைன் விசா வேண்டும். பக்கத்து நாடான மால்டோவாவின் சிஷினாவில் இறங்கி பஸ் பிடிப்பதென்றால் அந்த நாட்டு விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் பலான்கா எல்லை வழியாகப் போகிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். திரஸ்போல் வழி வேண்டாம். அது பிரிவினைவாதிகள் கையில் இருக்கும் பகுதி, வீண் தலைவலி.

படி 2: படிக்கட்டு. ஊரைப் புரிந்துகொள்ள பொத்தெம்கின் படிக்கட்டுதான் சரியான இடம். மொத்தம் 192 படிகள். உச்சியில் நின்று பார்த்தால் ஒரு படிகூடத் தெரியாது, இடையிடையே உள்ள தளங்கள் மட்டும் தெரியும். கீழிருந்து பார்த்தால் தளங்கள் மறைந்து படிகளாகவே தெரியும். அடியில் அகலம் 21.7 மீட்டர், உச்சியில் 12.5 மீட்டர்தான், அதனால் கீழே நிற்பவருக்கு இருப்பதைவிட நீளமாகத் தோன்றும். மேலேயும் கீழேயும் நின்று பாருங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பக்கத்திலேயே இழுவை ரயில் உண்டு. உச்சியில், ஊரின் தொடக்கக் காலத்து ஆளுநர் ரிஷெல்யூ பிரபுவின் சிலை. பக்கத்துச் சாக்கடை மூடிமேல் நின்று சிலையைப் பார்க்கச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று நான் எழுத மாட்டேன், போய்ப் பாருங்கள்.

படி 3: சாப்பாடு. 1827 முதல் நடக்கும் பிரிவோஸ் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம். 'இக்ரா' என்றால் மீன்முட்டை, ஆனால் கத்தரிக்காய் இக்ராவில் மீனே கிடையாது. சுட்ட கத்தரிக்காயைத் தக்காளி, வெங்காயம், எண்ணெயோடு கொத்திப் பிசைந்தது. நம் சுட்ட கத்தரிக்காய்க் கொத்சுக்குத் தூரத்துச் சொந்தம். ஒடெசாவில் கத்தரிக்காய்க்குச் செல்லப்பெயரே 'சீனென்கியே', அதாவது குட்டி நீலங்கள். உப்புப் போட்ட பிரின்ஸா பாலாடைக்கட்டியையும் கேளுங்கள். வாங்கும் முன் ருசி பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 4: ஊருக்கு வெளியே. ஒரு நாள் போதுமென்றால் பில்ஹொரொத்-தினிஸ்த்ரோவ்ஸ்கி. தினிஸ்டர் முகத்துவாரக் கரையில் ஆக்கெர்மன் கோட்டை, மதில்மேல் காற்று வாங்கலாம். அதற்குப் பக்கத்திலேயே ஷாபோ திராட்சைத் தோட்டங்கள். 1822-ல் சுவிஸ் குடியேறிகள் வந்து வளர்த்த ஊர். கையில் இரண்டு நாள் இருந்தால் டான்யூப் கழிமுகத்து வில்கோவே. அங்கே பல வீடுகளுக்குத் தெருவே இல்லை, வாசலில் கால்வாய், கால்வாயில் படகு. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும், இரவு தங்கிவிடுங்கள்.

அப்புறம் சுரங்கங்கள். வீடு கட்டக் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்ததில் நகரத்துக்கு அடியில் சுமார் 2,500 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதைகள் உருவாகிவிட்டன. நெருபாய்ஸ்கே கிராமத்தில் உள்ள அருங்காட்சியகப் பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டும் போங்கள். வேறு எந்தத் துளை வழியாக யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.