சம்பள விடுப்பைக் குறைக்கும்போது: கடலூர், புதுச்சேரி ஊழியர்களுக்கு ஒரு கையேடு

"வரும் ஜனவரி முதல் தற்செயல் விடுப்பு 12 நாளிலிருந்து 6 நாளாகக் குறைக்கப்படுகிறது; பயன்படுத்தாத ஈட்டிய விடுப்பு மார்ச் மாதத்தோடு காலாவதியாகும்." இப்படி இரண்டு வரி அறிவிப்புப் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வந்தவுடன் ஊழியர்களில் பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொள்கிறார்கள், மிகச் சிலர் கோபத்தில் கூட்டமாக லீவு போடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு ஊழியருக்கே. விடுப்புக் குறைப்பு என்று நிறுவனம் ஒரே வரியில் அறிவிப்பது பெரும்பாலும் மூன்று வேறுவேறு செயல்களின் கலவையாக இருக்கும்: சட்டம் தந்த விடுப்பில் கைவைப்பது, ஒப்பந்தமோ நெடுநாள் வழக்கமோ தந்த விடுப்பை நிறுத்துவது, நிறுவனம் தன் விருப்பத்தில் கொடுத்து வந்த சலுகையைத் திரும்பப் பெறுவது. முதலாவதை நிறுவனம் செய்யவே முடியாது. இரண்டாவதை உரிய முறைப்படிதான் செய்ய முடியும். மூன்றாவதில் மட்டுமே அதன் கை ஓங்கியிருக்கிறது. ஆகவே வருத்தப்படுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்தச் சட்டம் உங்களுடையது

கடலூரில் குடியிருந்து முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்துக்கோ தட்டாஞ்சாவடிக்கோ தினமும் வேலைக்குப் போகிறவர்களும், புதுச்சேரியில் இருந்துகொண்டு குடிகாடு சிப்காட்டுக்கு வருகிறவர்களும் ஏராளம். மாநிலச் சட்டம் வீட்டு முகவரியைப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்தைத்தான் பார்க்கிறது. கடலூரில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். பன்னிரண்டு மாதத் தொடர் பணிக்குப் பின் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை, நோய்க்காக 12 நாள் வரை, தக்க காரணம் எதற்கும் 12 நாள் வரை என மூன்று தனித்தனி விடுப்புகளை அது தருகிறது. புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால், கடலூர் நண்பர் சொன்ன எண்ணிக்கையை அங்குள்ள நிறுவனத்திடம் அப்படியே எடுத்துச் சொல்லி வாதிடாதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்தச் சட்டத்தின் விடுப்புப் பிரிவைக் கேட்டுப் படித்துவிட்டுப் பேசுங்கள். நெய்வேலி சுரங்கம், வங்கி போன்றவற்றில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பே உரிய இடம். மாநில அலுவலகத்துக்கு அலைவது வீண்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு நீண்டகாலம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஈட்டிய விடுப்பு என்பது அதன் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் (பழைய மத்தியச் சட்டங்களை ஒன்றிணைத்தவை) நடைமுறைக்கு வந்தபின், தகுதிக்கான வேலை நாள் 180 ஆகக் குறைந்துள்ளது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் மாறவில்லை. ஓராண்டில் 280 நாள் வேலை செய்தவருக்கு 14 நாள் என்பது அடித்தளம். இதற்குக் கீழே எந்த நிர்வாகமும் இறங்க முடியாது. ஊழியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் முடியாது.

இதே வரிசையில் வேறு சிலவும் அடங்கும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் ஐந்து பண்டிகை நாட்களும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறையும் தர வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கான 26 வார மகப்பேறு விடுப்பை எந்தச் சுற்றறிக்கையாலும் சுருக்க முடியாது.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் விடுப்பு எடுத்தால் நடுவிலுள்ள ஞாயிற்றையும் விடுப்பில் கழிக்கும் "சாண்ட்விச்" முறையைப் புதிதாகக் கொண்டுவருவது, எண்ணிக்கையைத் தொடாமலேயே விடுப்பைக் குறைக்கும் தந்திரம். ஈட்டிய விடுப்புக்கு இது செல்லாது. விடுப்புக்கு நடுவிலோ அதன் இரு முனைகளிலோ வரும் விடுமுறை நாள் விடுப்புக் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது. குறைப்பு அறிவிப்புகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இந்த வரிதான்.

அறிவிப்பு முறையாக வந்ததா

சட்டம் தருவதற்கு மேல் நிறுவனம் கொடுத்து வந்த நாட்களையும் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாது. தொழில் தகராறுகள் சட்டம், 1947இன் 9ஏ பிரிவில் இருந்ததும், இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40ஆம் பிரிவில் இருப்பதும் ஒன்றேதான்: சம்பளத்துடன் கூடிய விடுப்பு, விடுமுறை ஆகியவற்றில் மாற்றம் செய்ய நினைக்கும் முதலாளி, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுத்து 21 நாள் கழியாமல் மாற்றத்தை நடைமுறைப்படுத்தக் கூடாது. அதே பட்டியலில் வழக்கமான சலுகையைத் திரும்பப் பெறுவதும் இருக்கிறது. ஓர் ஆலை பல்லாண்டுகளாக மாசிமகத்தன்று, தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரி நடக்கும் நாளென்று, அரை நாள் சம்பளத்தோடு விட்டு வந்திருந்தால் அது எந்த ஆவணத்தில் எழுதப்படாவிட்டாலும் வழக்கமான சலுகைதான்.

இந்த 21 நாளை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். அறிவிப்புக் கொடுத்துவிட்டால் உங்கள் சம்மதம் இல்லாமலும் மாற்றம் அமலாகக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் பிரச்சினை சமரச அலுவலர் (தொழில் தகராறைப் பேசித் தீர்க்கும் தொழிலாளர் துறை அதிகாரி) முன் சென்று பேச்சுவார்த்தை நிலுவையில் இருந்தால், அந்த விஷயத்தில் தொழிலாளருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனையை மாற்ற அந்த அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறை தீர்க்கும் குழு இருக்க வேண்டும். முதல் மனுவை அங்கே கொடுத்து, நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புவது நல்லது.

மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுகிறவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்குப் பணி நியமனக் கடிதமும் நிறுவனத்தின் விடுப்பு விதிகளுமே ஆதாரம். "நிர்வாகம் அவ்வப்போது மாற்றலாம்" என்ற வரி அதில் இருந்தால், வருங்கால விடுப்புக்காகச் சண்டையிடுவதைவிட ஏற்கெனவே சேர்ந்த நாட்களைக் காப்பாற்றுவதில் கவனம் வைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

சேர்ந்த நாட்களைக் காப்பாற்றுவது

அறிவிப்பு வந்த அன்றே விடுப்பு இருப்பைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டுச் சம்பளச் சீட்டுகளையும், பழைய விடுப்பு விதி அச்சடித்த தாளையும் வீட்டில் சேர்த்து வையுங்கள். எச்.ஆர். மென்பொருளில் ஆண்டு மாறியவுடன் பழைய இருப்பு மறைந்துவிடும்; பிறகு கேட்டால் "சிஸ்டத்தில் இல்லை" என்பதே பதிலாக வரும்.

அடுத்தது விண்ணப்பம். ஈட்டிய விடுப்பைப் பொதுவாக 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் எழுத்தில் கேட்டு, நிர்வாகம் மறுத்த விடுப்பு இந்த வரம்புக்குள் வராது. அது முழுவதும் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். வாய்மொழியாகக் கேட்டு, "இப்போது முடியாது, ஆள் இல்லை" என்று ஃபோர்மேன் சொன்னதற்குச் சாட்சியில்லை. ஆகவே காலாவதி என்று அச்சுறுத்தும் தேதிக்குப் போதிய நாட்களுக்கு முன்பே, குறைந்தது 15 நாள் இடைவெளி விட்டு, குறிப்பிட்ட தேதிகளைச் சொல்லி விண்ணப்பியுங்கள். கொடுத்தால் அனுபவியுங்கள், மறுத்தால் மறுப்பு மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். புதிய தொகுப்பின்படி, தொழிலாளி கேட்டால் ஆண்டு முடிவில் விடுப்பைப் பணமாகவும் பெறலாம். பணியில் இருக்கும்போது பெறும் அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை, கோபமாகவும் இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இம்மாதம் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பில் விடுப்பு நாட்கள் குறைக்கப்படுவதாக அறிந்தேன். இன்றைய தேதியில் என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் என்பதை எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்மாற்றத்துக்கு முன் 21 நாள் அறிவிப்பு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இம்மாற்றத்துக்கு நான் சம்மதம் தெரிவிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். இப்படிக்கு…"

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "படித்துப் புரிந்துகொண்டேன், ஏற்கிறேன்" என்ற படிவம் நீட்டப்பட்டால், "பெற்றுக்கொண்டேன், சம்மதமில்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுவதே போதும். கையெழுத்திடவே மறுத்து முறைப்பதால் பயனில்லை.

கூட்டாகச் செயல்படும்போது

1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்த புதுச்சேரி மண்ணில், கூட்டு நடவடிக்கை வேண்டாம் என்று யாருக்கும் புத்தி சொல்வது என் நோக்கமன்று. ஆனால் கூட்டமாக லீவு போடுவதற்கு முன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் புதிய தொகுப்பு அதை வேலைநிறுத்தமாகவே கருதுகிறது. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப்பேசி, முன்னறிவிப்பின்றி வராமலிருந்தால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கவும் வழி இருக்கிறது. ஒரு நாள் கோபத்துக்கு எட்டு நாள் கூலி கொடுப்பது வேண்டாத செலவு. அதே பத்துப் பேர் ஒரே மனுவில் கையெழுத்திட்டுச் சமரச அலுவலரிடம் கொடுத்தால் பிடித்தம் எதுவும் இல்லை.

புயல் நாட்கள்

நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தன; ஃபெஞ்சலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நாட்களில் ஆலையை மூடிவிட்டு, அந்த நாட்களை ஊழியரின் ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்வதும் விடுப்புக் குறைப்பின் ஒரு வடிவமே. இயற்கைச் சீற்றத்தால் வேலை கொடுக்க முடியாமற்போவது சட்டத்தில் "லே ஆஃப்". ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டுத் தொடர் பணி முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கிடைக்க வேண்டும். அவருடைய விடுப்பு இருப்பைத் தொடக் கூடாது. பாதிச் சம்பளத்துக்குப் பதில் முழுச் சம்பளம் வேண்டுமென்று ஊழியரே விரும்பி விடுப்பு எழுதிக் கொடுப்பது வேறு. அது அவருடைய தேர்வாக இருக்க வேண்டும், அலுவலகத்தின் தேர்வாக அன்று. லே ஆஃப் நாட்கள் விடுப்புத் தகுதிக்கான வேலை நாள் கணக்கிலும் சேரும்.

குறைந்த நாட்களோடு வாழ்வது

எல்லாம் செய்தும் சில நாட்கள் போய்விடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பார்கள், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், நோய்வாய்ப்படும்போது ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காட்டை நோய்ப் பயனாகப் பெறலாம். முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகப் பயன் இல்லை. ஆகவே இரண்டு நாள் காய்ச்சலுக்கு நிறுவனத்தின் நோய் விடுப்பையும், டெங்கு, அறுவை சிகிச்சை போன்ற நீண்ட ஓய்வுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றையும் பயன்படுத்துங்கள். தனியார் மருத்துவரிடம் போய்விட்டுப் பத்து நாள் ஈட்டிய விடுப்பைக் கரைக்கிறவர்கள், மாதந்தோறும் தாங்களே கட்டும் காப்பீட்டை வீணாக்குகிறார்கள்.

சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் எத்தனையால் வகுத்துப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். 15,600 ரூபாய்ச் சம்பளத்தில் 26ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 600, 30ஆல் வகுத்தால் 520. பிடிப்பதற்கு 26, விடுப்பைப் பணமாக்கும்போது 30 என்று இரண்டு அளவுகோல் வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். சம்பளமில்லா நாட்கள் அதிகமானால் 180 நாள் தகுதியும் இ.எஸ்.ஐ. 78 நாளும் அடிபடும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குடும்பத்தோடு உட்கார்ந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுவது பெரிய உதவி: பிள்ளைகளின் பொதுத்தேர்வு, குலதெய்வ வழிபாடு, ஊர்த் திருவிழா, தவிர்க்க முடியாத திருமணம். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு மூன்று நான்கு நாட்களை ஒதுக்கியே வையுங்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் உடன் வேலை செய்பவரோடு மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து ஷிப்ட் மாற்றிக்கொண்டால் ஒரு முழு விடுப்பு மிச்சமாகும்.

வேலையை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே விடுப்பு இருப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலகியபின் நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்று சம்பளச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இறுதிக் கணக்குத் தாளில் விடுப்புத் தொகை தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே "பாக்கி எதுவும் இல்லை" என்ற சீட்டில் கையெழுத்திடுங்கள்.