காய்ச்சல் விட்ட பின்னும் விடாத அசதியைக் கையாளும் முறை

டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்துபோய்ப் பல வாரங்கள் கழித்தும் அசதி தீராவிட்டால், வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை வேலூர்க்காரர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். ரிப்போர்ட்டில் குறை எதுவும் தெரியவில்லை என்பதால் அசதியே இல்லை என்று ஆகிவிடாது.

ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் தொற்றுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறாம் மாதத்திலும் 11 சதவீதம் பேருக்கு நாட்பட்ட களைப்பு நோய் இருந்தது. அதை முன்கூட்டிக் காட்டியது தொடக்கத்தில் நோய் தாக்கிய கடுமையே தவிர, அவர்களின் மனநிலை அன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நோயாளிகள் 17 பேரை நலமுள்ள 21 பேருடன் ஒப்பிட்டது. கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அழுத்தியபோது நோயாளிகளின் தசைகள் சோர்ந்துபோனதற்கான அடையாளம் இல்லை. ஆனால், எவ்வளவு முயல்வது என்பதைத் தீர்மானிப்பதில் பங்குள்ளதாகக் கருதப்படும், வலப்பக்கப் பொட்டுமடலும் சுவர்மடலும் சந்திக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. இதற்கு ‘முயற்சி விருப்பம்’ என்று ஆய்வாளர்கள் பெயரிட்டதை நோயாளிகள் பலர் எதிர்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரிடம் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது தகாது என்பதால், அந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆகவே, மன உறுதியால் அசதியை வென்றுவிடலாம் என்று முண்டிப் பார்க்க வேண்டாம். அன்றன்று செய்த வேலையையும் மறுநாள் உடம்பு இருந்த நிலையையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மிகையாக உழைத்ததன் விளைவு பெரும்பாலும் அன்றைக்குத் தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்தே படுக்க வைக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண், திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து மாவாட்டித் துணியும் துவைத்துவிட்டு, புதன்கிழமை எழ முடியாமல் போனால், புதன்கிழமைக்கான காரணத்தைத் திங்கட்கிழமைப் பக்கத்தில் தேட வேண்டும். அப்படித் தெரியவரும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே வேலையை நிறுத்தி, களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பாக்கி வேலைகளை எல்லாம் முடித்துவிட எழும் ஆசைதான் பலரையும் மீண்டும் கீழே தள்ளுகிறது. காய்கறி நறுக்குவதையும் துணி மடிப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். கத்திரி வெயிலில் நடுப்பகலில் வெளியே போவதைத் தவிர்க்கலாம்.

உழைத்த மறுநாள் நிலை மோசமாகிறவர்கள், வாரந்தோறும் உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் திட்டத்தை ஏற்க வேண்டாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு நாட்பட்ட களைப்பு நோய்க்கு அந்த முறையைப் பரிந்துரைப்பதை 2021இல் கைவிட்டுவிட்டது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, எடை குறைதல், மீண்டும் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.