பேட்மேன் கொலை செய்வாரா? ரசிகர்கள் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்மேன் கொலை செய்வாரா, மாட்டாரா? நாலு காமிக்ஸ் ரசிகர்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், பொழுது போவதே தெரியாது. "உயிரை எடுக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் விதி" என்பார் ஒருவர். "1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தில் ஆட்களைக் கொல்கிறாரே, பார்க்கவே இல்லையா நீங்கள்?" என்று இன்னொருவர் எகிறுவார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு பேட்மேனை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் சண்டை முடியமாட்டேன் என்கிறது.

இந்த மாதிரி விவாதங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கதையை நேசிக்கிறவர்கள் அதன் படக் கட்டத்தையும் வசனத்தையும் முன்னால் விரித்து வைத்துப் பேசினால், தனியாகப் படித்தபோது கண்ணில் படாதது எல்லாம் தெரியவரும். பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் ஞாபகத்தை மட்டும் நம்பி மல்லுக்கு நிற்கும்போதுதான் அந்தச் சுகம் கெட்டுப்போகிறது. இங்கே சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் தவறு, எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே ஆரம்பிப்பது. பேட்மேன் அறிமுகமானது 1939 மே மாதத் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில். அந்த முதல் கதையிலேயே வில்லன் அவரிடம் குத்து வாங்கி அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். பேட்மேன் அதற்காக வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்கிறார். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் குழு தலையிட்டு, துப்பாக்கியும் வேண்டாம், கொலையும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. இன்று பலர் பிறவிக்குணம் என்று நினைக்கும் அந்த விதி, ஓர் அலுவலகத் தீர்மானமாகத் தொடங்கி, பிறகு வந்த எழுத்தாளர்கள் கையில் அந்தப் பாத்திரத்தின் உயிர்நாடியாக வளர்ந்தது.

சூப்பர்மேன் கதையும் இப்படித்தான். 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டிக் குதிப்பார். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவர் தோலைத் துளைக்காது என்று அந்த இதழிலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் பீரங்கிக் குண்டு துளைத்துவிடும் என்றுதானே அர்த்தம்! அவருடைய பெரிய பலவீனம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கிரிப்டோனைட், 1943-இல் வானொலித் தொடரில்தான் முதன்முதலில் வருகிறது. 1978 படத்திலோ பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறார். இவர்களில் யாரை வைத்து வாதாடுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962-இல் அவர் அறிமுகமானபோது குற்றவாளியின் பாதையில்தான் போனார். நமக்குப் பழகிய உளவாளி நாயகன் பிறகு உருவானவர்.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு. பழைய இதழ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, "இதுதான் அசல், மற்றதெல்லாம் போலி" என்று தீர்ப்பு எழுதுவது. முதலில் வந்தது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. எண்பது வருடங்களுக்கு மேல் பலர் கைமாறி வந்த பாத்திரம் இது. ஒரு பதிப்பை இன்னொன்றோடு ஒப்பிடலாம், ஒன்றைக் காட்டி மற்றதை ரத்து செய்ய முடியாது.

அப்புறம் "யார் ஜெயிப்பார்?" என்ற கேள்வி. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க மாட்டேன், ஜாலியான விளையாட்டு அது. ஆனால் எத்தனை டன் தூக்குவார், எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புவது தவறு. 1996-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெலும் டிசியும் சேர்ந்து ஒரு தொடரில் தங்கள் நாயகர்களை மோதவிட்டன. அதில் ஐந்து மோதல்களின் முடிவு வாசகர்களின் வாக்குக்கு விடப்பட்டது. பலத்தை மட்டும் பார்த்தால் டிசியின் வொண்டர் வுமனிடம் மார்வெலின் ஸ்டார்ம் நிற்பதே கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். வாக்கில் ஸ்டார்ம் ஜெயித்தார். மார்வெலின் வுல்வரின், டிசியின் லோபோவை வென்றார். ஆனால் அந்தச் சண்டையின் முடிவு மதுக்கடை மேசைக்குப் பின்னால் நடக்கிறது, வாசகருக்குக் காட்டப்படுவதே இல்லை. எப்படி ஜெயித்தார் என்று வரைந்து காட்டும் சங்கடத்திலிருந்து படைப்பாளிகள் தப்பித்துக்கொண்டார்கள். அன்று யாருக்கு ரசிகர்கள் அதிகம் என்பதுதான் அங்கே அளக்கப்பட்டது. "இந்தக் கதைக்கு யார் ஜெயித்தால் நன்றாக இருக்கும், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு இன்னும் சுவையாகப் போகும்.

பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுவதற்கு ஓர் அருமையான உதாரணம், 1973 ஜூன் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 121-ஆம் இதழ். பாலத்தின் மேலிருந்து வில்லன் கிரீன் காப்ளின் தள்ளிவிட, ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி விழுகிறாள். வலைநூல் பாய்ந்து அவள் காலைப் பிடித்து நிறுத்துகிறது. மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. கீழே வந்து மோதுவதற்கு முன்பே விழுந்த அதிர்ச்சியில் செத்துப்போனாள் என்று வில்லன் கொக்கரிக்கிறான். ஆனால் வலை அவளைப் பிடிக்கும் அந்தக் கட்டத்தில் கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் எழுதியிருக்கிறது: "ஸ்னாப்". விழுந்ததால் செத்தாளா, காப்பாற்ற வந்த வலையாலா? வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 125-ஆம் இதழின் கடிதப் பகுதியில் பதில் வந்தது: வலை சட்டென்று நிறுத்தியதில் கழுத்துக்கு ஏற்பட்ட குலுக்கல்தான் காரணம். பின்னாளில் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இதே காட்சியை எடுத்துக்கொண்டு, வேகமாகப் போகும் பொருளை நொடிப் பொழுதில் நிறுத்தினால் எவ்வளவு விசை தாக்கும் என்று விளக்கினார். ஒரு கட்டத்தில் இருந்த ஒரே ஒரு சொல் இத்தனைக்கும் வழி செய்தது. வசனத்தை மட்டும் படித்தவர்கள் வில்லன் பேச்சை நம்பிவிட்டுப் போயிருப்பார்கள்.

பாத்திரம் சொல்வதைப் படைப்பு சொல்வதாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறுதான் நையாண்டித் தொடர்கள் விஷயத்தில் பூதாகரமாகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1971-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடங்கியது. உருவாக்கியவர் நார்மன் லியர். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்ற குடும்பத் தலைவர் கறுப்பினத்தவர், யூதர், பெண்கள் என்று யாரையும் விட்டுவைக்காமல் ஏளனம் பேசுவார். மருமகன் மைக் அவரோடு ஓயாமல் மோதுவான். ஆர்ச்சியின் மனப்பான்மையைப் பார்த்துச் சிரிக்க வைப்பதுதான் நோக்கம். 1974-இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் விசாரித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. இனவெறி எண்ணம் அதிகம் உள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள். கடைசியில் ஜெயிப்பது அவர்தான் என்றும் அவர்களில் பலருக்குத் தோன்றியது. ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, ஆளுக்கொரு அர்த்தம்.

முப்பது வருடம் கழித்தும் இதே கதைதான். அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் 2005 முதல் 2014 வரை நடத்திய நிகழ்ச்சியில் வலதுசாரி டிவி விமர்சகரைப் போல வேஷம் கட்டினார். அதைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழமைவாதிகள், தாராளவாதிகள் இரு தரப்புக்கும் அவர் ஒரே அளவுக்குச் சிரிப்பூட்டினார் என்று கண்டது. ஆனால் அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், சொல்வதை உள்ளுக்குள் உண்மையாகவே நம்புகிறார் என்று நினைத்தவர்கள் பழமைவாதிகளிடையே அதிகம்.

எனவே நையாண்டியைப் பற்றிப் பேசும்போது "இது புரியாதவன் முட்டாள்" என்று ஆரம்பிக்காதீர்கள். அறிவுள்ளவர்களுக்கும் இது நடக்கும். நாம் ஏற்கெனவே நம்புவதைத்தான் திரையிலும் பார்க்கிறோம். படைப்பாளி என்ன நினைத்து எடுத்தார், பார்த்தவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "அவர் நோக்கம் நல்லது, அதனால் தொடரில் குறையே இல்லை" என்பதும் சரியில்லை, "சிலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், அதனால் தொடரே தப்பு" என்பதும் சரியில்லை. கேலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்சியிலேயே தேடுங்கள்: ஆர்ச்சி பேசியதற்குப் பிறகு கேமரா யார் முகத்துக்குப் போகிறது, அசடு வழிவது யார், கடைசி வார்த்தை யாருடையது. இதையெல்லாம் சுட்டிக்காட்டிப் பேசினால் எதிரில் இருப்பவரும் திரும்பப் போய்ப் பார்ப்பார்.

ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக நம்புவது இன்னொரு தொல்லை. 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் டிரம்ப் அதிபராவதை முன்கூட்டியே சொன்னது என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்கலேட்டரில் டிரம்ப் இறங்கிவருகிறார், சுற்றிலும் கூட்டம். 2000-ஆம் ஆண்டே வந்துவிட்டதாம். அந்த ஆண்டு மார்ச் 19-இல் ஒளிபரப்பான எபிசோடில் டிரம்ப் பற்றிய வசனம் இருப்பது உண்மைதான். எதிர்காலத்தில் அதிபராகும் லிசா (தொடரில் வரும் சிறுமி), முந்தைய அதிபர் டிரம்ப் விட்டுப்போன நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் எஸ்கலேட்டர் காட்சி அதில் இல்லை. டிரம்ப் 2015 ஜூனில் நிஜமாகவே எஸ்கலேட்டரில் இறங்கி வந்து போட்டியை அறிவித்த பிறகு, அதைக் கிண்டல் செய்து சிம்ப்சன்ஸ் குழுவே வெளியிட்ட குறும்படத்தில் உள்ளது அது. 2000-இல் அந்த வசனம் வந்ததிலும் மாயமில்லை. அதற்குச் சற்று முன்புதான் அவர் ரிஃபார்ம் என்ற சிறு கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் போட்டியிடலாமா என்று முயன்று விலகியிருந்தார். எழுதியவர்கள் நையாண்டி செய்ய அந்தப் பேச்சே போதும். அதைத் தீர்க்கதரிசனம் ஆக்கும்போது அவர்களின் உண்மையான திறமை மறைந்துபோகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

நாம் பார்க்கும் பிரதி முழுசாக இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். 2019-இல் டிஸ்னி பிளஸ்ஸில் சிம்ப்சன்ஸின் பழைய எபிசோடுகள் அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டப்பட்டு வந்தன. பீர் தொழிற்சாலைக் காட்சி ஒன்றில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று வகை பீருக்கு மூன்று தொட்டிகள் இருக்கும். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் வரும். வெட்டிய படத்தில் அந்தக் குழாயே இல்லை, நகைச்சுவையும் இல்லை. ரசிகர்கள் முறையிட்ட பிறகு 2020-இல் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். அந்த இடைவெளியில் பார்த்துவிட்டு "இதில் என்ன சிரிப்பு?" என்று கேட்டவரைக் குறை சொல்ல முடியுமா?

"காமிக்ஸில் இப்போதுதான் அரசியலைப் புகுத்துகிறார்கள்" என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தபோது அதன் அட்டையிலேயே அவர் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறார். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. 1946-இல் சூப்பர்மேன் வானொலித் தொடர், கூ க்ளக்ஸ் கிளானை ஒத்த இனவெறிக் கும்பலோடு அவரை மோதவிட்டது. ஆனால் ஒரு கருத்து கதையோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அது எழுத்தைப் பற்றிய நியாயமான விமர்சனம். உடனே அவரை வெறியர் பட்டியலில் சேர்ப்பதும் தவறுதான்.

கடைசியாக, உரக்கக் கேட்கும் குரலை எல்லோருடைய குரலாக எடுத்துக்கொள்வது. 1988-இல் டிசி, பேட்மேனின் கூட்டாளி ராபினாக வந்த இரண்டாவது சிறுவன் ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் வெறும் 72. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால், இவை எத்தனை வாசகர்களின் வாக்குகள் என்று கூடச் சொல்ல முடியாது. "ரசிகர்கள் ஜேசனை வெறுத்தார்கள்" என்று இன்றும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எண்களைப் பார்த்தால், ஏறக்குறைய பாதி அழைப்புகள் அவனைக் காப்பாற்றச் செய்யப்பட்டவை. 2005-இல் அவன் ரெட் ஹூட் என்ற புதுப் பெயரில் உயிரோடு திரும்பினான். 1988-இன் தீர்ப்பு சரியா என்ற விவாதம் அதன் பிறகும் ஓயவில்லை. அந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொண்டு அதில் இறங்குங்கள்.