தைலம் மணக்கிறதா என்று கேட்காதீர்கள்: வாசனை குறைந்த மூக்கைச் சோதிப்பதும் பழக்குவதும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒருவர் வாசனை தெரியவில்லை என்றால், உடனே யூகலிப்டஸ் தைலத்தைத்தான் மூக்கருகே நீட்டுவார்கள். "சுள்ளுன்னு ஏறுதே" என்று அவர் சொன்னதும் மூக்கில் குறையில்லை என்று முடிவாகிவிடும். அது தப்பு. தைலம், கற்பூரம், மெந்தால் இவற்றின் உறைப்பையும் குளிர்ச்சியையும் முகத்தின் உணர்வு நரம்பே மூளைக்குக் கொண்டுபோய்விடும். வாசனை நரம்பு வேலை செய்யாவிட்டாலும் அந்தச் 'சுள்' தெரியும்.

சோதனைக்குக் காரமில்லாத வாசனைகளே வேண்டும்: காபித்தூள், பன்னீர், நன்கு பழுத்த கொய்யா, குளியல் சோப்பு, வறுத்த சீரகம். ஒவ்வொன்றையும் ஒரு டம்ளரில் போட்டு, துளையிட்ட தாளால் மூடுங்கள். ஒரு டம்ளரைக் காலியாகவே விடுங்கள். ஊகித்துச் சொல்பவர் அதில் அகப்படுவார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, இன்னொருவர் டம்ளரை மூக்கருகே காட்டட்டும். பிறகு அடுத்த நாசி. சளி பிடித்திருக்கும்போது இதைச் செய்து பயனில்லை.

வயதானவர்கள் தாங்களாக வந்து குறை சொல்ல மாட்டார்கள். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 53 முதல் 97 வயது வரையுள்ளோரில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வாசனை குறைந்திருந்தது; 80 தாண்டியவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல். ஆனால் குறை இருப்பதாகத் தாங்களே சொன்னவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. வீட்டில் தெரியும் அடையாளம் வேறு: "குழம்பு சப்புன்னு இருக்கு" என்று உப்பைக் கூட்டிக்கொண்டே போவது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது ஆபத்து.

எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டவும் கூடாது. மூக்கடைப்பு, சைனஸ், மூக்கினுள் வளரும் சதை, வைரஸ் காய்ச்சல், தலையில் பட்ட அடி என்று காரணம் பல. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை குறையலாம். அல்சைமர் என்ற மறதி நோயிலும் ஆரம்பத்திலேயே குறையும். நடை மெதுவாவது, தூக்கத்தில் கத்திக் கைகால் உதைப்பது, மறதி கூடுவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாசியில் மட்டும் அடைப்பும் ரத்தமும் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள்.

வைரஸுக்குப் பின் போன வாசனைக்கு முகர்தல் பயிற்சி ஓரளவு கைகொடுக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட முறையில் நான்கு வாசனைகள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நம் மலையில் இவற்றுக்குத் தட்டுப்பாடே இல்லை. ரோஜா எண்ணெய் விலை அதிகம் என்றால் ஜெரேனியம் எண்ணெய் வாங்குங்கள், வாசனை நெருங்கி வரும். நான்கு கருநிறக் கண்ணாடிப் புட்டிகளில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். காலையில் உண்ணும் முன்பும் இரவில் படுக்கும் முன்பும், ஒவ்வொரு புட்டியையும் 10 நொடி மென்மையாக முகருங்கள். நடுவே 10 நொடி இடைவெளி. முகரும்போது அந்த வாசனையை மனத்தில் நினைத்துப் பாருங்கள். குறைந்தது 12 வாரம்.

பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் எதுவும் தெரியாமல் போவது சகஜம். மார்கழிக் குளிரில் எண்ணெய் ஆவியாவதும் குறையும், புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துப் பிறகு திறக்கலாம். எலுமிச்சை எண்ணெய்தான் முதலில் கெடும், வாடை மாறினால் மாற்றுங்கள். நடுவில் காபி கருகல் நாற்றமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நரம்பு மீளும்போது அப்படி நேரும். எண்ணெயை மூக்கினுள் விடவே விடாதீர்கள். தைலப் புட்டி குழந்தைக்கு எட்டவே கூடாது, சில மில்லி குடித்தாலே வலிப்பு வரலாம்.

வாசனை தெரியாதவர் இருக்கும் வீட்டில் கேஸ் கசிவு கருவி பொருத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கருவி தரையை ஒட்டி, ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கசிவென்று பட்டால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். குளிருக்குக் கரி மூட்டும் வீடுகளில் இன்னொரு கவனம்: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, நல்ல மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.