பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? நூல் கட்டிப் பார்க்கலாம்

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வரும் வழியில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினேன். இடது பின்சக்கரம் ரோட்டோர ஓடையில் தொம்மென்று இறங்கி ஏறியது. வண்டி 2007 ஸ்விஃப்ட். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் பேரிங் என்றார்கள், மாற்றினோம், இரைச்சல் அப்படியே இருந்தது. காசு போனதுதான் மிச்சம். சத்தம் போட்டது டயர்.

அதனால் முதல் வேலை, சத்தம் யாருடையது என்று பார்ப்பது. பின் டயர்களைக் கழற்றி அதே பக்கத்து முன்சக்கரத்தில் மாட்டி ஓட்டுங்கள். இரைச்சலும் முன்னால் வந்துவிட்டால் டயர்தான். பேரிங் சத்தம் இடம் மாறாது. வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடும், குறையும்.

அப்புறம் உள்ளங்கையால் டயரைத் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும், பார்த்து. உள்ளேயிருந்து வெளியே தடவும்போது ரம்பம் மாதிரி தட்டுப்பட்டு, எதிர்த்திசையில் வழுவழுவென்று போனால் டோ-இன் அதிகம், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது. வெளியேயிருந்து உள்ளே தடவும்போது தட்டினால் டோ-அவுட், முன்பக்கம் வெளியே திரும்பியிருக்கிறது. டயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். பின்பக்க டோ தவறினாலும் அப்படி வரும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு.

ஆழம் பார்க்க ஒரு தீக்குச்சி போதும். உள், நடு, வெளி என மூன்று பள்ளத்திலும் விட்டு நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், டயர் அதோடு சமமாகிவிட்டால் அளவெடுப்பதில் அர்த்தமில்லை, புது டயர் வாங்க வேண்டியதுதான்.

இப்போது ஆட்டம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல்லை அண்டைக் கொடுக்காதீர்கள், பொடிந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின் ஆக்சில் உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷை லீவர் கம்பியால் நெம்பினால் ரப்பர் கிழிசல் வாய் திறந்து காட்டும். ஷாக்கில் ஆயில் ஈரம் உண்டா? குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய வண்டியானால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும். ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஆடுகிற வண்டியில் எடுத்த அளவு நாளைக்கே மாறும்.

சரி, நூலுக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் ஸ்டியரிங் நேராக வைத்து, கொஞ்சம் முன்னால் உருட்டி நிறுத்துங்கள். டிக்கியில் கிடக்கும் ஏத்தன் வாழைக்குலையை இறக்கிவிடுங்கள், காற்றையும் சரி பாருங்கள். ஒரே நீளத்தில் இரண்டு பிவிசி குழாய், இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டுக்குறி. ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சக்கர மைய உயரத்தில் வைத்து, வெட்டுக்குறிகளில் இருபுறமும் நூல் இழுத்துக் கட்டினால் இரண்டு நூலும் இணையாக நிற்கும். இனி முன்சக்கர நடுவிலுள்ள ஹப்பிலிருந்து நூலுக்கு இடமும் வலமும் ஒரே தூரம் வரும்வரை குழாயை நகர்த்துங்கள். பின் ஹப்பிலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

பிறகு நூலிலிருந்து பின் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளவெடுங்கள். முன்விளிம்புத் தூரம் அதிகமானால் டோ-இன், குறைவானால் டோ-அவுட். என் வண்டியில் வலது பக்கம் முன்விளிம்பு 62 மி.மீ., பின்விளிம்பு 61. இடது பக்கம் 58, 61: மூன்று மி.மீ. டோ-அவுட்! ரிம்மே நெளிந்திருந்தால் அளவு ஏமாற்றும். எனவே சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி, மறுபடி நூலைச் சரிபார்த்து, இன்னொரு தரம் அளந்தேன். அதே மூன்று.

இதைப் படிக்கும் விதம்தான் முக்கியம். ஒரு சக்கரம் உள்ளே, மற்றது அதே அளவு வெளியே திரும்பியிருந்தால் ஆக்சிலே கோணலாக நிற்கிறது. புஷ்ஷையும் அது பிடித்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அந்த மாதிரி வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடும், நேர் ரோட்டிலும் ஸ்டியரிங் சாய்ந்தே நிற்கும். ஒரு சக்கரம் மட்டும் தவறினால் அந்தப் பக்கம் ஏதோ வளைந்திருக்கிறது. என்னுடையது இரண்டாவது ரகம், அந்த ஓடையின் உபயம்.

இந்த அளவுகளோடு அலைன்மென்ட் சென்டருக்குப் போய், பின்சக்கர அளவும் பிரின்ட்டில் வேண்டும் என்று கேளுங்கள். "பின்னால செட்டிங் கிடையாது சார்" என்பார்கள். ஸ்விஃப்ட் மாதிரி பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம்) உள்ள வண்டிகளில் அது பொய்யில்லை, திருக நட் கிடையாது. ஆனாலும் அளந்து காட்டச் சொல்லலாம். வளைந்த பாகத்தை மாற்றலாம். சில மாடல்களில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தும் சரி செய்யலாம். சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.

சரி செய்த பிறகும் பழைய டயர் இரைந்துகொண்டேதான் இருக்கும். ரம்பமாகத் தேய்ந்த ரப்பர் நிமிராது. பள்ளம் மிச்சமிருந்தால் அதை ஸ்டெப்னியாக வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் புது டயரை ஒருமுறை தடவிப் பாருங்கள், இரண்டு திசையிலும்.